மண்ணிலிருந்து மருந்து வரை: சத்தோஷி ஓமுராவின் ஆராய்ச்சி வாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய வேதியியலாளர் சத்தோஷி ஓமுராவுக்கு 2015இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், “கோல்ஃப் மைதானத்து மண்ணில் மருந்து கண்டுபிடித்தவர்” என்ற ஒரே வரியோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வரி தப்பில்லை, ஆனால் அவர் செய்த வேலையில் அது மிகச் சிறிய பகுதி. வேதியியல், நுண்ணுயிரியல் படிப்பவர்களும், அந்த மண்ணிலிருந்து பிறந்த புழு மருந்தான ஐவர்மெக்டின் மாத்திரையை மருந்துச் சீட்டில் பார்த்து விவரம் தேடுபவர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

ஓமுரா யார்? மருத்துவரா, வேதியியலாளரா?

வேதியியலாளர். நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருள்களைப் பிரித்தெடுப்பதும், அவற்றின் மூலக்கூறு அமைப்பைக் கண்டறிவதும், அவை உயிருள்ள செல்லில் என்ன செய்கின்றன என்று பார்ப்பதும்தான் அவருடைய தொழில். பிறந்தது 1935 ஜூலை 12 அன்று, ஜப்பானின் யமனாஷி மாகாணத்தில் உள்ள நிராசாகியில், விவசாயக் குடும்பத்தில். பணியாற்றிய காலத்தின் பெரும்பகுதியை டோக்கியோவின் கிட்டசாட்டோ நிறுவனத்தில் கழித்தார். நுண்ணுயிரியலாளர் ஷிபாசாபுரோ கிட்டசாட்டோ 1914இல் தொடங்கிய நிறுவனம் அது.

தொடக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தாராமே?

ஆமாம். யமனாஷி பல்கலைக்கழகத்தில் 1958இல் பட்டம் பெற்றதும், டோக்கியோவில் ஒரு தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளியின் மாலை வகுப்புகளுக்கு ஆசிரியராகப் போனார். பகலில் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்துவிட்டு, மாலையில் படிக்க வருகிற பிள்ளைகள். தேர்வு எழுதிய ஒரு மாணவனின் கையில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்ததாம். இவ்வளவு பாடுபட்டு இவர்கள் படிக்கும்போது நாமும் இன்னும் படிக்க வேண்டும் என்று அப்போது தோன்றியதாக ஓமுராவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மாலையில் பாடம் நடத்திக்கொண்டே டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் படித்து 1963இல் முதுகலைப் பட்டம் வாங்கினார்.

அப்புறம் யமனாஷி பல்கலைக்கழகத்துக்கே திரும்பி, நொதித்தல் துறையில் உதவியாளராகச் சேர்ந்தார். யமனாஷி திராட்சைக்கும் ஒயினுக்கும் பேர்போன ஊர். ஒரு வேதியியலாளர் பெரும்பாடு பட்டுச் செய்கிற மாற்றத்தை ஈஸ்ட் சத்தமில்லாமல் ஒரே இரவில் செய்துவிடுவதை அங்கேதான் அருகிலிருந்து பார்த்தார். 1965இல் கிட்டசாட்டோவில் சேர்ந்தபோது இந்த ஈர்ப்பும் கூடவே வந்தது.

எந்தப் புகழ்பெற்ற ஆய்வகத்திலும் வளர்ந்தவரல்ல அவர். முதல் முனைவர் பட்டம் 1968இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில், மருந்து அறிவியலில். இரண்டாவது 1970இல் டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில், வேதியியலில். தாமதமாகத் தொடங்கிவிட்டோமே என்று கவலைப்படும் மாணவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

கிட்டசாட்டோவில் முதலில் என்ன வேலை செய்தார்?

அங்கே ஏற்கெனவே தோஜு ஹாதா என்ற ஆராய்ச்சியாளரின் குழு லூக்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டுபிடித்திருந்தது. அந்த மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்று கண்டறியும் வேலை ஓமுராவிடம் வந்தது. லூக்கோமைசின், எரித்ரோமைசின் ஆகிய மாக்ரோலைடுகளில் நடுவே ஒரு பெரிய வளையமும் அதில் கோத்த சர்க்கரைகளும் இருக்கும். அந்த வளையத்தில் எந்த அணு எந்தத் திசையில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக உறுதிப்படுத்த வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலைதான், ஆனால் அதில் கிடைத்த பயிற்சி வாழ்நாள் முழுக்க அவருக்கு உதவியது.

செருலெனின் என்ற இன்னொரு பொருளையும் அந்த ஆண்டுகளில் ஆராய்ந்தார். செல்கள் கொழுப்பு அமிலம் தயாரிப்பதை அது தடுக்கிறது என்று காட்டினார். நுண்ணுயிர் தருகிற ஒரு பொருள் மருந்தாகாமல் போனாலும், உயிர் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கருவியாக இருந்து பயன்படலாம். இந்த எண்ணம் அவரிடம் அப்போதே ஊன்றிவிட்டது.

மண்ணில் அப்படி என்னதான் இருக்கிறது?

முதல் மழை பெய்ததும் எழும் மண்வாசனையை எல்லோரும் அறிவோம். அதற்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். அதை உண்டாக்குபவற்றில் முதன்மையானவை ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற மண் பாக்டீரியாக்கள். இவை பூஞ்சை போல இழை இழையாக வளர்ந்து, வித்துகளை உண்டாக்கும். அந்த வாசனை மண்ணில் வாழும் குட்டிப் பூச்சிகளை ஈர்க்கிறது, அவை வித்துகளைச் சுமந்து பரப்புகின்றன என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது.

இதே ஸ்ட்ரெப்டோமைசஸ் குடும்பம்தான் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் எல்லாவற்றையும் தந்தது. இவை ஏன் இத்தனை விதமான பொருள்களைச் செய்கின்றன? பக்கத்தில் வளரும் நுண்ணுயிரோடு போட்டி போட என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். ஒன்றுக்கொன்று சைகை அனுப்பவும் பயன்படலாம். எப்படியோ, மனிதனுக்கு மருந்து வேண்டும் என்று அவை செய்யவில்லை. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் பயனைத் தேட வேண்டிய வேலை நம்முடையது.

ஒரு பிடி மண் எப்படி மருந்தாகிறது? ஆய்வகத்தில் என்ன நடக்கும்?

ஓமுரா எங்கே போனாலும் பணப்பையில் ஒரு சிறு பிளாஸ்டிக் பை வைத்திருப்பார். ஒரு கரண்டி மண் போதும். அதை நீரில் கரைத்து, பலமுறை நீர்த்து, நுண்ணுயிர் வளர்க்கும் கூழான அகார் நிரப்பிய தட்டில் தடவி வைப்பார்கள். சில நாளில் வழவழப்பான பாக்டீரியாப் புள்ளிகளுக்கு நடுவே, சுண்ணாம்புத் தூள் தூவினாற்போல உலர்ந்த புள்ளிகள் சில தெரியும். சாம்பல், இளஞ்சிவப்பு, பழுப்பு என்று நிறம் மாறும். ஊசியால் தொட்டால் அகாரை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். அவைதான் தேடுகிற இனம்.

அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, தனித்தனிக் குடுவையில் திரவ உணவில் வளர்ப்பார்கள். நுண்ணுயிர் என்ன செய்கிறதோ அது அந்தத் திரவத்தில் கலந்திருக்கும். அதை வடிகட்டிச் சோதிக்க வேண்டும். ஏதாவது செயல்பாடு தெரிந்தால் கரைப்பானில் பிரித்து, கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் குரோமடோகிராபியில் ஓட்டி, தூய பொருளாக்கி, அமைப்பைக் கண்டறிய வேண்டும்.

இதில் சங்கடம் என்னவென்றால், இத்தனை பாடுபட்டுக் கிடைத்தது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த பொருளாக இருந்துவிடும். 1960களிலேயே இது பெரிய தலைவலி. எல்லா ஆய்வகங்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன: “இந்தத் திரவம் பாக்டீரியாவைக் கொல்கிறதா?” ஒரே கேள்வியைக் கேட்டால் ஒரே பதில்தானே வரும்?

ஓமுரா கேள்வியை மாற்றினார். என் கணிப்பில் அவருடைய மிகப் பெரிய பங்களிப்பு இதுதான், நோபல் வாங்கித் தந்த மூலக்கூறைவிடவும் பெரியது. பாக்டீரியாவைக் கொல்கிறதா என்று மட்டும் பார்க்காமல், நொதியைத் தடுக்கிறதா, பூஞ்சையை நிறுத்துகிறதா, விலங்கின் புழுவைப் பாதிக்கிறதா, நரம்புச் செல்லின் வளர்ச்சியை மாற்றுகிறதா என்றெல்லாம் சோதனைகளை அமைத்தார். சில சமயம் செயல்பாட்டையே பார்க்காமல், வேதியியல் ரீதியாகப் புதிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, முதலில் பொருளைப் பிரித்து வைத்துக்கொண்டு பிறகு பயனைத் தேடினார்.

அமெரிக்க மருந்து நிறுவனத்தோடு எப்படித் தொடர்பு ஏற்பட்டது?

1971இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு வருகைப் பேராசிரியராகப் போனார். அழைத்தவர் மாக்ஸ் டிஷ்லர். மெர்க் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவை நெடுங்காலம் நடத்தி ஓய்வு பெற்ற பெரிய வேதியியலாளர் அவர். 1972இல் டிஷ்லர் அமெரிக்க வேதியியல் கழகத்தின் தலைவர் பொறுப்புக்குப் போனதால், ஆய்வகத்தைப் பெருமளவு ஓமுராவே கவனித்துக்கொண்டார். வந்து போகும் அறிஞர்கள் எல்லோருடனும் பழக்கம் ஏற்பட்டது.

1973இல் கிட்டசாட்டோ திரும்ப அழைத்தது. திரும்பினால் ஆராய்ச்சிக்குப் பணம் இருக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் புறப்படுவதற்கு முன்பே மெர்க்குடன் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். கிட்டசாட்டோ நுண்ணுயிர்களைப் பிரித்து முதல்கட்டச் சோதனை செய்யும். மெர்க் விலங்குகளில் சோதித்து மருந்தாக வளர்க்கும். பொருள் விற்பனைக்கு வந்தால் கிட்டசாட்டோவுக்கு ராயல்டி வரும். அந்தப் பணம் மறுபடி ஆராய்ச்சிக்குப் போகும். ஒரு பொது ஆராய்ச்சி நிறுவனமும் மருந்துத் தொழிலும் இப்படிக் கைகோத்தது அன்றைய ஜப்பானில் வழக்கமல்ல. மனிதருக்கான மருந்துகளில் போட்டி கடுமையாக இருந்ததால், கால்நடை மருந்துகளில் கவனம் வைப்பது என்று முடிவெடுத்ததும் இந்தக் கட்டத்தில்தான்.

கோல்ஃப் மைதான மண் கதை உண்மையா? அது வெறும் அதிர்ஷ்டம்தானே?

உண்மைதான். ஷிசுவோகா மாகாணத்தின் இதோ நகரத்தில் கவானா என்ற கடலோரப் பகுதி. அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணிலிருந்து வந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் அது. 1974இல் மற்றப் பல நுண்ணுயிர்களோடு சேர்த்து அது மெர்க்குக்குப் போனது.

அங்கே வில்லியம் கேம்பெல் என்ற ஐரிஷ் ஒட்டுண்ணியியலாளரின் குழு, குடலில் புழுத் தொற்று உள்ள எலிகளுக்கு நுண்ணுயிர் வளர்த்த திரவத்தை உணவில் கலந்து கொடுத்துச் சோதித்தது. கவானா மண்ணின் நுண்ணுயிர் புழுக்களை அகற்றியது. மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்தது. அதற்கு ஸ்ட்ரெப்டோமைசஸ் அவர்மிட்டிலிஸ் என்று பெயர் வைத்தார்கள். அது தந்த பொருள் அவர்மெக்டின். 1979இல் ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன.

அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு எவ்வளவோ தேடியும் அவர்மெக்டினைத் தருகிற நுண்ணுயிர் வேறெங்கும் கிடைக்கவில்லை என்று ஓமுராவே எழுதியிருக்கிறார். ஆனால் அதே மண்ணை பாக்டீரியாவைக் கொல்கிறதா என்று மட்டும் பார்க்கிற ஆய்வகத்தில் கொடுத்திருந்தால், குப்பைக்குப் போயிருக்கும். ஏனென்றால் அவர்மெக்டின் பாக்டீரியாவை ஒன்றும் செய்வதில்லை. சரியான கேள்வி காத்திருந்த இடத்துக்கு அந்த மண் வந்து சேர்ந்தது. அந்தக் கேள்வியை யோசித்து வைத்தவர்கள் ஓமுராவும் கேம்பெல்லும்.

அவர்மெக்டினும் ஐவர்மெக்டினும் ஒன்றா?

இல்லை, ஆனால் நெருங்கிய உறவு. நுண்ணுயிர் தருவது அவர்மெக்டின். அதுவும் ஒரே பொருளல்ல, நெருக்கமான எட்டுப் பொருள்களின் கலவை. அதில் வேதியியலாளர்கள் ஒரு சிறு மாற்றம் செய்து உருவாக்கியது ஐவர்மெக்டின்.

இந்த மாற்றம் வேதியியல் மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய ஒன்று. எடுத்துக்கொண்ட அவர்மெக்டின் மூலக்கூறில் கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே ஐந்து இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அதில் 22, 23ஆம் கார்பன்களுக்கு இடையே உள்ள ஒன்றில் மட்டும் ஹைட்ரஜனைச் சேர்க்க வேண்டும். மற்ற நான்கையும் தொடக்கூடாது. சாதாரண வினையூக்கி போட்டால் எல்லாவற்றிலும் கைவைத்துவிடும். மெர்க் வேதியியலாளர்கள் வில்கின்சன் வினையூக்கி என்ற ரோடியம் சேர்மத்தைப் பயன்படுத்தினார்கள். அது பருமன் குறைந்த, நெரிசல் இல்லாத பிணைப்பைத் தேர்ந்து பிடிக்கும். 22, 23 அப்படிப்பட்ட பிணைப்பு. இரண்டே இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கூடியதில், மருந்து இன்னும் பாதுகாப்பானதாகவும் பல வகைப் புழுக்களுக்கும் பொருந்துவதாகவும் ஆனது. 1981இல் கால்நடை மருந்தாகச் சந்தைக்கு வந்தது.

ஐவர்மெக்டின் ஓர் ஆன்டிபயாடிக்கா?

பிறப்பைப் பார்த்தால் ஆன்டிபயாடிக்குகளின் குடும்பம்: மண் பாக்டீரியா தந்தது, மாக்ரோலைடு போன்ற பெரிய வளையம் கொண்டது. செயலைப் பார்த்தால் இல்லை. சளி, காய்ச்சல், புண் எதற்கும் ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக இதைப் போட்டுக்கொள்ள முடியாது.

புழுக்கள், பூச்சிகள், உண்ணிகள் ஆகியவற்றின் நரம்பிலும் தசையிலும் குளுட்டமேட் என்ற நரம்புச் சைகைப் பொருள் பட்டால் திறக்கிற குளோரைடு வாசல்கள் உள்ளன. ஐவர்மெக்டின் அந்த வாசலைத் திறந்தபடியே நிறுத்திவிடும். புழு செயலிழந்து போகும். பாலூட்டிகளின் உடலில் இந்த வாசல் கிடையாது. நம் மூளையில் இதற்கு ஓரளவு இணங்கக்கூடிய வேறு வாசல்கள் இருந்தாலும், மருந்து மூளைக்குள் போகாதபடி வெளியே தள்ளுகிற ஒரு புரதம் காவலுக்கு இருக்கிறது. கோலி இன நாய்கள் பலவற்றுக்கு மரபணுக் குறையால் அந்தப் புரதம் வேலை செய்யாது. அதிக அளவு ஐவர்மெக்டின் அவற்றின் உயிருக்கே ஆபத்தாகும். நாய் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆற்றுக் குருடு நோய் என்றால் என்ன? நோபல் பரிசு அதற்காகத்தானா?

ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவின் சில பகுதிகளிலும் ஓடும் ஆறுகளில் ஒருவகைக் கருப்பு ஈ பெருகும். அது கடிக்கும்போது ஆங்கோசெர்கா என்ற புழுவின் இளநிலைகளை உடலுக்குள் விடும். வளர்ந்த புழு தோலுக்கடியில் முடிச்சுகளில் பத்து ஆண்டுக்கு மேலும் வாழ்ந்து, லட்சக்கணக்கில் நுண்புழுக்களை ஈனும். அவை தோலில் ஊர்ந்து தாங்க முடியாத அரிப்பைத் தரும். கண்ணுக்குள் போனால் பார்வை போகும். ஆற்றங்கரையில் வளமான நிலம் இருந்தும், பயந்து ஊரையே காலி செய்து போனவர்கள் உண்டு. பார்வையிழந்த பெரியவரைக் குழந்தை ஒன்று கோல் பிடித்து அழைத்துப் போகும் காட்சி அந்த ஊர்களில் அன்றாடக் காட்சியாக இருந்தது.

கால்நடை மருந்தாக வந்த ஐவர்மெக்டின் இந்தப் புழுவுக்கும் வேலை செய்யுமா என்று மெர்க்கின் முகமது அஜீஸ் 1980களின் தொடக்கத்தில் செனகலில் சோதித்தார். ஒரே வேளை மருந்தில் தோலிலிருந்த நுண்புழுக்கள் மறையத் தொடங்கின. 1987இல் பிரான்ஸ் இதை மனிதருக்கு அனுமதித்தது. அதே ஆண்டு மெர்க் தலைவர் ராய் வாஜலோஸ், இந்நோய்க்கு வேண்டிய மருந்தை, வேண்டிய காலம் வரை இலவசமாகக் கொடுப்போம் என்று அறிவித்தார்.

கிராமங்களில் கொடுத்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. எடை போடத் தராசு இல்லாத இடம். அதனால் நிறக் கோடுகள் போட்ட ஒரு கழியைக் கொண்டுபோவார்கள். ஆளை அதன் பக்கத்தில் நிற்க வைத்து, உயரம் எந்தக் கோட்டுக்கு வருகிறதோ அதற்கேற்ப ஒன்று முதல் நான்கு மாத்திரை. படித்த மருத்துவர் வேண்டியதில்லை, ஊர்க்காரர் ஒருவரே போதும். மருந்து எவ்வளவு பாதுகாப்பானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஒரு குறை உண்டு. இது நுண்புழுவைத்தான் அகற்றும், வளர்ந்த புழுவைக் கொல்லாது. ஆகவே வளர்ந்த புழு தானாகச் சாகும் வரை, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வீதம் பல ஆண்டுகள் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிக் கொடுத்ததன் பலனாக 2013இல் கொலம்பியா இந்நோய் ஒழிந்த முதல் நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. பிறகு ஈக்வடார், மெக்சிகோ, குவாத்தமாலா. ஆப்பிரிக்காவில் முதலாவதாக நைஜர் 2025 ஜனவரியில் இந்த நிலையை எட்டியது.

2015 நோபல் பரிசின் ஒரு பாதி ஓமுராவுக்கும் கேம்பெல்லுக்கும் சேர்த்து. மறுபாதி மலேரியா மருந்து ஆர்டிமிசினினைக் கண்டறிந்த சீனாவின் து யூயூவுக்கு.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ஆற்றுக் குருடு இந்தியாவில் இல்லை. யானைக்கால் நோய் இருக்கிறது. தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் அதைத் தடுக்க ஆண்டுக்கொரு முறை வீடு வீடாகக் கொடுத்த டிஇசி (டைஎத்தில்கார்பமசின்) மாத்திரையைப் பலர் விழுங்கியிருப்பீர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில், லெடர்லி ஆய்வகத்தில் உருவான மருந்து அது, 1947இல் வெளிவந்தது. ஆற்றுக் குருடு உள்ளவருக்கு டிஇசி கொடுத்தால் உடல் கடுமையாக எதிர்வினை காட்டும், கண்ணுக்கும் ஆபத்து. ஆகவே ஆப்பிரிக்காவில் அதைப் பரவலாகக் கொடுக்க முடியவில்லை, ஐவர்மெக்டின் அங்கே இன்றியமையாததாயிற்று.

ஆற்றுக் குருடு இல்லாத நம் நாட்டில் யானைக்காலுக்கு இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். ஐவர்மெக்டின், டிஇசி, அல்பெண்டசோல் மூன்றையும் ஒரே வேளையில் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் 2018 இறுதியிலிருந்து தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் இது நடைமுறைக்கு வந்தது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை.

மக்காச்சோளம் போடுகிற விவசாயிகளுக்கு இன்னொரு சொந்தம் உண்டு. படைப்புழுவுக்கு அடிக்கும் எமாமெக்டின் பென்சோயேட் அவர்மெக்டினிலிருந்து செய்ததுதான். அது பயிருக்கு அடிக்கும் நச்சு. பெயர் ஒத்திருக்கிறதே என்று மாத்திரையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆடு மாடுகளுக்குப் புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசியும், சொறி சிரங்குக்குத் தோல் மருத்துவர் எழுதும் மாத்திரையும் ஒரே மருந்துதான். ஆனால் விலங்குக்கான மருந்தின் அளவும் சேர்மானமும் வேறு. அதை மனிதர் எடுத்துக்கொள்வது ஆபத்து.

கொரோனாவுக்கு ஐவர்மெக்டின் வேலை செய்ததா?

இல்லை. 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வகம் ஒன்று, குடுவையில் வளர்த்த செல்களில் ஐவர்மெக்டின் வைரஸைக் குறைத்ததைக் கண்டது. ஆனால் அங்கே பயன்படுத்திய அடர்த்தி, வழக்கமான மாத்திரையால் ரத்தத்தில் கிடைப்பதைவிட மிகமிக அதிகம். பயன் இருப்பதாகச் சொன்ன ஆய்வுகளில் சில தரமில்லாதவை. எகிப்திலிருந்து வந்த பெரிய ஆய்வு ஒன்றின் முன்வரைவு 2021இல் விலக்கப்பட்டது. பிரேசிலில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு, மருத்துவமனையில் சேரும் நிலையை இது குறைக்கவில்லை என்று 2022இல் காட்டியது. ஜப்பானிலேயே கோவா நிறுவனம் நடத்திய ஆய்வும் அதே ஆண்டு செப்டம்பரில் பலன் இல்லை என்று முடிந்தது. இந்திய வழிகாட்டுதலிலிருந்து 2021 செப்டம்பரில் இது நீக்கப்பட்டது.

பலன் இருக்கும் என்று நம்பியவர்களில் ஓமுராவும் ஒருவர் என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை பெரியவர் நம்பினாலும் முடிவு சொல்ல வேண்டியது சோதனைதான்.

ஐவர்மெக்டினைத் தவிர வேறென்ன கண்டுபிடித்தார்?

ஏறக்குறைய 500 புதிய பொருள்கள் அவருடைய குழுவிலிருந்து வந்தன. எல்லாவற்றையும் சொல்ல இடமில்லை, ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவருடைய முறை அதில்தான் நன்றாகத் தெரியும்.

1977இல் ஸ்டாரோஸ்போரின். பெரும்பாலும் தாவரங்களில் காணப்படும் ஆல்கலாய்டுகள் என்ற நைட்ரஜன் சேர்மங்களை நுண்ணுயிர்களிலும் தேடலாம் என்று அவர்கள் முனைந்தபோது கிடைத்தது. எந்த நோய்க்கும் மருந்தாகத் தேடியதல்ல. வேதியியல் ரீதியாகப் புதிது என்பதற்காகவே பிரித்தெடுத்து, அமைப்பைப் பதிவு செய்து வைத்தார்கள். ஒன்பது ஆண்டு கழித்து, 1986இல், வேறொரு ஜப்பானியக் குழு அது புரதக் கைனேஸ் என்ற நொதியை மிக வலுவாகத் தடுப்பதைக் கண்டது. செல்லுக்கு ‘வளர்’, ‘பிரி’ என்று உத்தரவு கடத்துகிற நொதிகள் அவை. புற்றுநோயில் அந்த உத்தரவுகள்தான் கட்டுமீறிப் போகின்றன. ஸ்டாரோஸ்போரின் கைனேஸ்கள் எல்லாவற்றையும் ஒருசேரத் தடுப்பதால் நேரடியாக மருந்தாகவில்லை. ஆனால் உலகம் முழுக்க ஆய்வகங்களில் கருவியாயிற்று. அதிலிருந்து உருவான மிடோஸ்டாரின் 2017இல் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பொருளைப் பிரித்ததற்கும் மருந்து வந்ததற்கும் இடையே நாற்பது ஆண்டு. முதல் நாளே “இதனால் என்ன பயன்?” என்று கேட்டு மூடியிருந்தால் இது நடந்திருக்காது.

லாக்டசிஸ்டின் 1991இல் வந்தது. நரம்புச் செல் போல வளரத் தூண்டும் பொருளைத் தேடியபோது கிடைத்தது. செல்லின் பழுதான புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியாசோமை அது தடுக்கிறது என்று பிறகு தெரிந்தது. 1985இல் இங்கிலாந்தின் மரபியலாளர் டேவிட் ஹாப்வுட்டோடு சேர்ந்து, ஒரு நுண்ணுயிரின் மரபணுக்களை இன்னொன்றில் வைத்து இயற்கையில் இல்லாத கலப்பின ஆன்டிபயாடிக்கை உண்டாக்கினார்கள்.

ராயல்டியில் வந்த பணத்தை என்ன செய்தார்?

கிட்டசாட்டோவுக்கு வந்த பெருந்தொகை ஆராய்ச்சிக்கும், சைதாமா மாகாணத்தில் 1989இல் திறந்த மருத்துவமனைக்கும் போனது. நோயாளிகள் பார்க்கட்டும் என்று அந்த மருத்துவமனைச் சுவர்களில் ஓவியங்களை மாட்டச் செய்தார். ஓவியங்கள் மேல் அவருக்குத் தீராத பிரியம். தன் சேகரிப்பை வைத்துச் சொந்த ஊரில் 2007இல் ஓர் அருங்காட்சியகம் கட்டி, அதை நகராட்சிக்கே கொடுத்துவிட்டார். அங்கே பெண் ஓவியர்களின் படைப்புகளுக்குத் தனி இடம்.

இன்று ஏன் புதிய ஆன்டிபயாடிக்குகள் அதிகம் வருவதில்லை?

தெரிந்ததையே மறுபடி கண்டுபிடிக்கும் சிக்கல் ஒரு காரணம். பணம் இன்னொன்று. புது ஆன்டிபயாடிக்கை மருத்துவர்கள் கடைசி ஆயுதமாக வைத்திருப்பார்கள், அதுதான் சரியும்கூட. ஆனால் அதனால் விற்பனை குறைவு. அமெரிக்காவின் அக்கேஜென் நிறுவனம் 2018இல் பிளாசோமைசினுக்கு அனுமதி வாங்கியது, 2019இல் திவாலானது. மருந்து வேலை செய்தும் நிறுவனம் பிழைக்கவில்லை. கிட்டசாட்டோ ஒப்பந்தம் போல, வருமானம் ஆராய்ச்சிக்குத் திரும்பும் ஏற்பாடும் அரசின் உறுதியான ஆதரவும் இல்லாமல் இது மாறும் என்று நான் நினைக்கவில்லை.

மண்ணில் தேடும் பழைய முறைக்கு இன்னும் வேலை இருக்கிறதா?

இருக்கிறது, கூடவே மரபணுத் தொடரைப் படிப்பதும் சேர்ந்துகொண்டது. ஹாருவோ இகேடாவும் ஓமுராவும் இணைந்த குழு ஸ்ட்ரெப்டோமைசஸ் அவர்மிட்டிலிஸின் மரபணுத் தொடரை 2003இல் முழுதாக வெளியிட்டது. ஏறக்குறைய 90 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். அதில், அவர்மெக்டின் போன்ற பொருள்களை உண்டாக்கும் மரபணுத் தொகுப்புகள் 30 இருந்தன. இத்தனை ஆண்டு ஆராய்ந்த ஒரே நுண்ணுயிரிலேயே கைக்கு வராத பொருள்கள் இத்தனை உறங்கிக்கிடக்கின்றன என்றால், ஒரு பிடி மண்ணில் எவ்வளவு இருக்கும்!

அதற்கடுத்து ஒரு துணிச்சலான வேலை செய்தார்கள். அந்த நுண்ணுயிர் உயிர்வாழத் தேவையில்லாத 14 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை நீக்கி, மற்ற உயிர்களின் பொருள்களைத் தயாரித்துத் தரும் இனமாக அதை மாற்றினார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில் அது வேறு இனங்களின் ஸ்ட்ரெப்டோமைசினையும் செஃபமைசினையும் தந்தது. தாவர மரபணு ஒன்றை வைத்தபோது, ஆர்டிமிசினினுக்கு முந்தைய கட்டப் பொருளான அமார்ஃபாடையீனையும் தந்தது.

இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

கரிம வேதியியல் அடித்தளமாக இருக்கட்டும். மூலக்கூறின் அமைப்பையும் எடையையும் காட்டும் என்எம்ஆர், நிறை நிறமாலைப் பதிவுகளைப் படிக்கத் தெரிய வேண்டும். கலவையில் இருப்பது பழைய பொருளா புதிதா என்று சீக்கிரம் சொல்வதற்கு இவைதான் வழி. அத்துடன் அகார் தட்டில் கைபழகிய நுண்ணுயிரியலும் மரபணுத் தொடரை அலச ஓரளவு கணினிப் பழக்கமும் தேவை. கல்லூரி ஆய்வகத்திலேயே மண்ணை நீர்த்துத் தடவி, ஸ்ட்ரெப்டோமைசஸைப் பிரித்துப் பழகலாம், செலவு அதிகமில்லை. ஒரு எச்சரிக்கை: மண்ணில் நோய்க்கிருமிகளும் இருக்கும், ஆகவே ஆசிரியர் மேற்பார்வையில், வளர்த்த தட்டுகளை ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் கிருமி நீக்கிய பிறகே அப்புறப்படுத்த வேண்டும். அடையாளம் தெரிந்த நுண்ணுயிர் வேண்டுமென்றால் சண்டிகரில் உள்ள எம்டிசிசி என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து கல்லூரி வழியாகப் பெறலாம். எடுத்த மண்ணின் இடம், நாள், ஆழம், பக்கத்தில் நின்ற செடி எல்லாவற்றையும் அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.